வெறும் தடிமன்தானே!

போன மாதம் எங்கள் பாமசிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கேட்டது ஒரு கொவிட் டெஸ்ட் கிட். அவ்வளவுதான்! கீழ்த்தட்டில் துழாவி எடுத்து, திகதி முடியவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு தந்தார். "இதெல்லாம் இப்ப யாரு மிஸ் கேக்குறாங்க?"

உண்மைதான். கண்டியில் இப்போது யாருக்கும் கொவிட் வருவதில்லை. தடிமன், அதாவது சளியும் மூக்கொழுக்கும், மட்டும்தான் வருகிறது. அலுவலகத்தில் தடிமன், கலஹா பஸ்ஸில் தடிமன்... வைரஸ் புதிது புதிதாகத் திரிந்து வருகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். நாங்களோ எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்து, ஒரே கொத்தமல்லியை அவித்துக் குடிக்கிறோம்.

கிட் எனக்கல்ல — சப்னாவுக்கு. அம்பிட்டியவில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் நானும் அவளும் வாடகைக்கு இருக்கிறோம். அக்குறணையில் அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, முதல் பிள்ளை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடி இறக்கிப் பெயர் வைக்கும் விருந்து. சப்னா முதன்முறையாகச் சாச்சி ஆகியிருக்கிறாள். எங்கள் பாஷையில் சித்தி. புதுச் சல்வார், பிள்ளைக்குக் குட்டிச் சொக்ஸ், எல்லாம் பையில் ரெடி. மூக்குதான் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்று கொவிட் தடுப்பூசி போட்டவளுக்கு டெஸ்ட் எதற்கு என்று என்னோடு சண்டை பிடித்தாள். கடைசியில் எடுத்தோம். இரண்டு கோடு, கொவிட்தான்!

அப்படியென்றால் ஊசி பொய்யா? இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் என்னோடு சண்டை பிடிக்கிறாளே — அது ஊசி செய்த வேலை. ஆனால் தொற்றவே தொற்றாது என்று யார் சொன்னது? பிறந்து சில நாளேயான பிள்ளைக்கு அந்த ஊசியும் இல்லையே...

அக்குறணையில் இருக்கும் அவளுடைய உம்மாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, எப்படிச் சொல்வது? தடிமன் என்றால், பரவாயில்லை வா என்பார். கொவிட் என்றால் சிரிப்பார். சப்னா இரண்டையும் சொன்னாள். உம்மா முதலில் சிரித்தார். பிறகு சமாதானம் சொன்னார்.

"இங்கயும் எல்லாருக்கும் தடிமன்தான் மகள். நீ வா."

எல்லாருக்குமா? சப்னாவின் முகம் மாறிவிட்டது. போனை உடனே ராத்தாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

ராத்தா மெதுவான குரலில் கொட்டித் தீர்த்தார். வருகிற எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சுகிறார்களாம். மாமியாருக்கு இருமலாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையாம். எப்படி வரும்? வெறும் தடிமனுக்காக மாமியாரைத் தள்ளி நில்லுங்கள் என்று எந்த மருமகள் சொல்வாள்? பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நான் ஒன்ட பேரச் சொல்லப் போறன். சொந்தச் சாச்சியே பயந்து வரல்ல, நீங்களும் தூர நின்டு பாருங்கன்னு. கோவம் வந்தா ஒன்னோட கோவிக்கட்டும்."

"சொல்லுங்க ராத்தா," என்றாள் சப்னா. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஞாயிறு விருந்து முற்றத்தில் நடந்தது. முடி இறக்கியதும் பிள்ளை தாயோடு உள்ளறைக்குப் போய்விட்டது. ராத்தாவும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் பால் கொடுத்தாராம். உறவில் ஓரிருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒருவரும் சாப்பிடாமல் போகவில்லை! எங்களுக்கும் பிரியாணி பார்சல் வந்தது. சப்னாவுக்கு மணமே தெரியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது... அவளுடைய பங்கும் சேர்த்து.

பிள்ளைக்கு ஒன்றுமே வரவில்லை.

எல்லோருடைய 'தடிமனும்' போன பிறகு, நேற்று நானும் சப்னாவும் அக்குறணைக்குப் போனோம். சாச்சியின் மடியில் பிள்ளை கொழுகொழு என்று கிடந்தது. கால் கொஞ்சம் வளர்ந்துவிட்டது, சொக்ஸ் ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தும்மல் போட்டது.

பச்சைப் பிள்ளைகள் சும்மாவே தும்மும் என்று நான் சொல்லி முடிக்கவில்லை... உம்மா மாஸ்க் தேடி அலுமாரியைத் திறந்துவிட்டார்!