செட் ஆகும் என்றார் டாக்டர்

சந்தாபுராவில் பாதி வீடுகளுக்குத் தளம் போட்டவள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, சித்தாளாகச் சிமெண்டுச் சட்டி சுமந்து, பிறகு ஆண்களையே வேலை வாங்கும் மேஸ்திரி ஆனேன். என் தளம் ஒன்றுகூட ஒழுகியதில்லை. சந்தேகமிருந்தால் மழைக்காலத்தில் வந்து பாருங்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்தார்கள். அந்த இடத்தில் முதலில் ஒரு தற்காலிகப் பையை வைத்து, ஊசியால் தண்ணீர் ஏற்றி ஏற்றித் தோலை விரித்தார்கள். நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு படுத்ததுபோல் இருக்கும். பிறகு அதை எடுத்துவிட்டுச் சிலிக்கோன் பை. கட்டைப் பிரித்ததும் பார்த்தேன்: விறைப்பாக, வலது பக்கத்தைவிட உயரமாக நின்றது.

"செட் ஆக ரெண்டு மூணு மாசம் ஆகும்மா" என்றார் அந்தச் சின்ன வயது லேடி டாக்டர்.

செட் ஆவதைப் பற்றி எனக்கே பாடமா? இன்னும் இறுகும், அவ்வளவுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நடந்ததோ தலைகீழ். வாரம் போகப் போக அது இளகியது. மேலே இருந்த மேடு தணிந்து கீழே இறங்கியது. ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று தங்கையைக் கூப்பிட்டேன்.

"பாருடி, முட்டு கழண்ட தளம் மாதிரி இறங்கிடுச்சு."

"ஐயோ அக்கா, மறுபடியும் அறுப்பாங்களா?"

எனக்கும் அதே பயம்தான். இன்னொரு ஆபரேஷனுக்கு உடம்பில் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் தங்கையின் கையை நான் விடவே இல்லை.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். எட்ட நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அழகா செட் ஆயிருக்கும்மா."

"இறங்கிப்போச்சுங்கறேன், செட் ஆயிருக்குங்கறீங்களே! செட் ஆனா கெட்டியால்ல ஆகணும்?"

"யாரு சொன்னது?"

"நான் போட்ட காங்கிரீட்டு சொல்லுது!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சும்னே வீணா பயந்துட்டீங்க. இது இளகி இறங்குறதுக்குப் பேருதான் செட் ஆகுறது. இப்போதான் வலது பக்கத்துக்குச் சமமா வந்திருக்கு. ஆபரேஷனெல்லாம் வேணாம்."

"நல்ல தொழில்மா உங்களுது! என் வேலை ஒரு விரக்கடை இறங்கினா வீட்டு ஓனரு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு. உங்க வேலை இறங்கினா நீங்களே கை தட்டிக்கிறீங்க."

வெளியே வந்ததும் தங்கையை இழுத்துக்கொண்டு நேராக டெய்லர் கடைக்குப் போனேன். கடைக்காரி கை நீட்டினாள்.

"அளவு ஜாக்கெட் குடுங்கம்மா."

"பழசெல்லாம் ஆகாது. டேப்பை எடு" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.