பீதாம்பர சுவாரின் கையொப்பம்

பீதாம்பர சுவார் பூரி ஜகந்நாதர் மடைப்பள்ளியில் முப்பத்தோராண்டு அடுப்பெரித்தவர். 2004 ஆவணியில் கட்டாக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இதய வால்வு சுருங்கியிருந்தது. அறுவை செய்யாவிட்டால் ஆறு மாதம் தாங்காது என்றார் மருத்துவர். ஒப்புதல் தாளில் நான்கு நாளாகியும் கையொப்பம் விழவில்லை.

"பூரிக்கு வெளியே என் உயிர் போகக் கூடாது" என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பக்தியில் உறவினர்கள் நெகிழ்ந்தனர். மனைவி கனகலதா நெகிழவில்லை. சுவர்க்கத்வாரச் சுடுகாட்டுக்குப் போகும் சந்தில்தான் அவர்கள் வீடு. பிணம் கடக்கும்போதெல்லாம் கணவர் சன்னலைச் சாத்திவிட்டு மணிக்கட்டில் நாடி தேடுவதை ஒன்றரை ஆண்டாகப் பார்த்து வந்தவள் அவள். சாவதற்கென்றே மக்கள் தேடி வரும் ஊரில், சுவாமிக்குச் சமைக்கிறவர் சாவுக்கு அஞ்சுகிறார் என்று யாரிடம் சொல்வது?

ஐந்தாம் நாள் காலை மருத்துவர் வந்தார்.

"பிழைச்சுடுவேன்னு எழுதிக் குடுங்க டாக்டர், உடனே கையெழுத்துப் போடறேன்."

"அப்படி யாராலயும் எழுதித் தர முடியாதுங்க. நூத்துல தொண்ணூறு பேர் நல்லாத்தான் இருக்காங்க."

"மீதிப் பத்துப் பேரு?"

மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் நாளைய அறுவை முறை வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் நகர்ந்தார்.

அடுத்த கட்டிலில் பிரம்மபூர்ப் பேருந்து நடத்துனர் துர்யோதன் பெஹெரா. "அண்ணே, அந்தப் பத்துப் பேரை இதோட ஏழு தடவை விசாரிச்சாச்சு. அவங்களுக்குப் புரையேறிடப் போவுது."

"கம்முனு படுடா."

"படுத்துத்தானே கிடக்கேன்? கஞ்சியில உப்பே இல்ல. உங்க பருப்புல உப்பு சரியா இருக்கும்ல?"

"யாருக்குத் தெரியும்?"

"என்னண்ணே இது!"

"ருசி பாக்கக் கூடாதுடா. வாயில துணி கட்டிக்கிட்டுதான் சமைப்போம். சுவாமி சாப்பிட்டப்புறம்தான் மத்தவங்க."

"உப்புக் குறைஞ்சுட்டா?"

"குறைஞ்சா குறையுது. அவரு முன்னாடி கொண்டுபோய் வச்சுட்டா அப்புறம் அது நம்ம பானையா? ஆரம்பத்துல எனக்கும் உதறும். வச்சுட்டு அங்கயே நிப்பேன். பின்னாடி பானையோட வர்றவன் கத்துவான், 'வச்சுட்டியில்ல, நகருய்யா'ன்னு…"

பேச்சு பாதியில் நின்றது.

"எங்க பஸ்லயும் இதே கதைதான். படியிலயே நிப்பானுங்க, உள்ள நகர மாட்டானுங்க" என்றார் துர்யோதன்.

பீதாம்பரர் சிரிக்கவில்லை. கஞ்சி ஆறி ஏடு படிந்தது. பிறகு கனகலதாவை அழைத்தார்.

"அந்தத் தாளை எடு."

"பயம் போயிடுச்சா?" அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுக் கேட்டது அதுவே முதல் முறை.

அவர் மறுக்கவில்லை. "இருக்கு. தினம் அத்தனை பானைய அவர்கிட்ட விட்டுட்டு வந்தேன். இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் கனகா. அவரு என்ன செய்யணுமோ செய்யட்டும்."

கையொப்பம் கோணலாக, கோட்டைத் தாண்டி விழுந்தது. அவள் அழுதாள், அவர் தடுக்கவில்லை.

மாலையில் மருத்துவர் தாளைச் சரிபார்த்தார். "ஏதாவது கேக்கணுமா?"

எட்டாம் தடவைக்குத் துர்யோதன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இவ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கீழ சாப்பாடு எத்தனை மணி வரைக்கும் கிடைக்கும்?" என்று கேட்டார் பீதாம்பரர்.