அசையாமல் படுக்கச் சொன்ன டாக்டர்

ஆவூர்க்காரர் லூர்துநாதன் கண் டாக்டர். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகச் சென்னைக்குப் போய்ப் படித்தவர். பதினோரு வருஷம் புரை எடுத்து எடுத்து, மனிதனுக்குக் கண்ணைத் தவிர வேறு உறுப்புகளும் உண்டு என்பதையே மறந்துபோயிருந்தார். கல்யாண வீட்டில் வணக்கம் சொல்ல வருகிறவரின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை, கை அப்படிப் பழகிவிட்டது.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் கப்பலில் வந்த காய்ச்சல் சென்னையில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் பிடித்து நம் பக்கமும் வந்து சேர்ந்தது. காய்ச்சல் பார்க்கிற டாக்டர்களே காய்ச்சலில் விழுந்தார்கள். மேலே இருந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு டாக்டர் என்றால் டாக்டர்தான். லீவில் பூட்டிக் கிடந்த கறம்பக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் காய்ச்சல் முகாம் நடத்தும்படி லூர்துநாதனுக்கு உத்தரவு வந்தது. துணைக்கு அனுப்பப்பட்ட அருளம்மாள், பிரசவ வார்டு ஆயா.

ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினார். நெஞ்சுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. எதன் சத்தம் என்றுதான் பிடிபடவில்லை. மாத்திரையையும் ஊசியையும் உத்தரவில் கண்டபடி கொடுத்தார். மற்றதற்குத் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணைகொடுத்து, நாள் கணக்கில் அசையவிட மாட்டார்கள். அதே பழக்கத்தில் ஆண்கள் அறை, பெண்கள் அறை இரண்டிலும் தலையணையை எடுக்கச் சொல்லி, யாரும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே அவர் தயங்காமல் சொன்னது அது ஒன்றைத்தான்.

அவர் முதுகைத் திருப்பியதும் ஆண்கள் அறையில் மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆத்மநாதனுக்கு மட்டும் அது முடியவில்லை. கடலை விவசாயி, ஐம்பது வயது, சளி நெஞ்சில் கட்டியிருந்தது. அவர் மனைவி சொர்ணவல்லி டாக்டர் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பெண்கள் அறைக்குப் போன லூர்துநாதனுக்குக் கோபம் வந்தது. அருளம்மாள் அத்தனை பேரையும் சாக்கு மூட்டைகளில் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் மூச்சுக்குத் திணறிய மூக்காயி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்றார்.

"படுத்தா மூச்சு முட்டுதுங்கய்யா. சாஞ்சிருந்தா விடுறாக. வலி எடுத்த பொம்பளைகள இப்புடித்தான் வச்சுக்குவோம், எனக்கு அதுதான் தெரியும்."

மூச்சுத் திணறுகிறவரை மல்லாக்கக் கிடத்தக் கூடாது என்று எப்போதோ படித்துப் பரீட்சையும் எழுதிய பாடம் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஆண்கள் அறைக்கு ஓடினார். ஆத்மநாதனின் உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி உட்காரவைக்கச் சொன்னால் சொர்ணவல்லி தலையை விட மறுத்தாள், டாக்டர் அசைக்கக் கூடாது என்றிருக்கிறார் என்று டாக்டரிடமே சொன்னாள். ஒருவழியாக விலக்கிவிட்டுத் தூக்கினார்கள். கொஞ்ச நேரம் மூச்சு சீராக வந்தது. வெயில் ஏறுவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. கொண்டுபோனது காய்ச்சலா, தானா? அவருக்கே விளங்கவில்லை.

சொர்ணவல்லி அழுதுகொண்டே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நாந்தாய்யா கெடுத்துட்டேன். விடியக்காலம் தூக்கி விடு, தூக்கி விடுன்னு அவுக கெஞ்சுனாக. மனசு கேக்காம ஒரு நாழி தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். நல்லாத்தான் மூச்சு விட்டாக. நீங்க சொன்னத மீறிட்டோமேன்னு பயந்து திரும்பக் கிடத்திட்டேன்."

லூர்துநாதன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. நீங்க தூக்குனதுதான் சரி. படுக்கச் சொன்னதுதான் தப்பு. சொன்னது நான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "எம்மனசு தேறணும்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீகளேய்யா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் மறுபடியும் சொன்னார். அவள் இன்னும் தாழக் கும்பிட்டாள்.