கஸ்பார் தேய்த்ததாகச் சொன்ன ஸ்க்ரூ

கஸ்பாரை எனக்குப் பிடிக்காது. அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஆள். பன்னிரண்டு வருஷம் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிகளைப் பிரித்து மாட்டியவர். அங்கே ஒட்டிய 'ங்க' இன்னும் போகவில்லை. கூசாமல் திட்டுவார், அதையும் மரியாதையாகத்தான் திட்டுவார். அது இன்னும் எரிச்சல்.

போன மாதம் என் வண்டி இழுக்காமல் திணறியது. போனில் வீடியோ பார்த்து, ஏர் சென்சாரைக் கழற்றித் துடைக்க நானே இறங்கினேன். அதன் ரெண்டு ஸ்க்ரூவும் ஸ்டார் தலை. என்னிடம் இருந்தது ப்ளஸ் ஸ்க்ரூ டிரைவர். அழுத்திச் சுற்றினதில் தலை மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது. ஸ்டாண்டில் சொன்னால் மானம் போகும். "ஆயில் மாத்தும்போது கஸ்பார் தேய்ச்சுட்டாரு. அது லாரிக் கை, காருக்கு ஆகாது" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அவர் ஷெட்டுக்குப் போகவில்லை. ஊரில் பாதி வண்டி எங்களுடையதுதான்.

போன வாரம் சென்சார் ஒரேயடியாகப் போய்விட்டது. தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது என்று மூன்று ஷெட்டில் கையை விரித்தார்கள். கடைசியில், ஸ்டாண்டுக்கு யாரும் வராத விடிகாலையில், கஸ்பாரிடமே போய் நின்றேன்.

அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுல ஆருங்க ப்ளஸ் டிரைவரைப் போட்டது?"

நான் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தான்னு சொன்னீங்களாமா."

அவர் சென்சாரைச் சுற்றித் துணி அடைத்தார். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, தேய்ந்த தலைமேல் வைத்து, டிரைவரை உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினார். ஒன்று வந்துவிட்டது. அடுத்தது அசையவில்லை. ரம்பப் பிளேடால் அதன் தலையில் கோடு அறுத்து, தட்டை டிரைவர் போட்டு, அவசரமே இல்லாமல் திருகி எடுத்தார். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை. அந்த லாரிக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

நான் வாங்கி வைத்திருந்த புது சென்சாரை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஸ்டாண்டுல ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்லிருங்க. எம்பட பேரு கெட்டுப்போச்சுங்க. இப்படியே போனா ஷெட்டைச் சாத்த வேண்டியதுதான்."

"சரிங்க" என்றேன்.

சாலையைத் தாண்டி வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் ஸ்டாண்டுக்கு வந்த அன்பழகன் பானெட்டைத் திறந்து பார்த்து அசந்துவிட்டான். ஸ்டாண்டில் அவன் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

"அடேயப்பா, சுத்தமான வேலை! யாருப்பா கழட்டுனது? இனிமே நம்ம வண்டியெல்லாம் அவருகிட்டயே விட்டுரலாம்."

எதிரே ஷெட் வாசலில் கஸ்பார் நின்றுகொண்டிருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஸ்தம்பட்டியில ஒருத்தர்" என்றேன்.