காது சூடானால்

2001 கோடை விடுமுறை. டிப்ளமோ முடித்த கையோடு, செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள், உள்ளே ஏசியின் குளிர், ஒரு கணினிக்கு இரண்டு பேர். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு சிறுமி வருவாள். கணினியில் 'பெயின்ட்' மென்பொருளில் படம் வரைவதென்றால் உயிர். ஒருநாள் பக்கத்துச் சிறுமி விளையாட்டாக அவள் படத்தை அழித்துவிட, இவள் மவுஸாலேயே அடித்துவிட்டாள். அந்தச் சிறுமியின் உதட்டில் ரத்தம்.

"இன்னொரு தபா கை நீட்னா, நாளையிலர்ந்து வரவேணாம்னு சொல்லிடும்மா" என்றார் என்னிடம் சென்டர் உரிமையாளர்.

நான் என் வழக்கப்படி விதிகளை வரிசையாகப் பலகையில் எழுதினேன். ஒன்று, அடிக்கக் கூடாது. இரண்டு, கத்தக் கூடாது. யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாள் மின்சாரம் போனது. யூ.பி.எஸ். கீங் கீங்கென்று கத்த, அவள் நிதானமாகப் படத்தைச் சேமித்து, கணினியை மூடினாள்.

"பயமா இல்லியா?"

"கத்துச்சுன்னா இன்னும் டைம் கீதுன்னு அர்த்தம் மிஸ்."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "கோவம் வந்தா உனக்குள்ள இன்னா கத்தும்?"

யோசித்தாள். "காது சூடாவும்."

"அப்போ எழுந்து வெளிய போய்டு. ஆறினதும் வந்து வாயால சொல்லு."

அந்த வாரமே பக்கத்துச் சிறுமி மறுபடி படத்தை அழித்தாள். இவள் மவுஸை எடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மவுஸை வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்து, "கேக்காம அழிச்சா எனக்கு அழுகை வருதுடி" என்றாள்.

"சாரிடி. வா, ரெண்டு பேரும் வரையலாம்."

வரைந்து முடிக்க நேரமாகிவிட்டது. கீழே காத்திருந்த இவளுடைய அம்மா படியேறி வந்தார். "உன்னால பஸ்ஸு பூடுச்சு! இன்னாடி பண்ணிகினு இருந்த?" கையை ஓங்கினார்.

அவள் நகரவில்லை. "அம்மா, உனுக்குக் காது சூடா கீதா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓங்கிய கையாலேயே காதைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா... சூடாத்தான் கீது" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த பேருந்துக்கு இருவரும் கைகோத்துப் படியிறங்கிப் போனார்கள்.

அதன்பின் எத்தனையோ அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டேன்; ஆனால் ஒரு குழந்தை அடி வாங்காமல் வீட்டுக்குப் போன அந்த மாலையைத்தான் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.