ஆர்ட்ஸோ என்று கேட்டவள் நானேதான்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு யூலை மாதம். மகளின் அபிட்டூர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை முடிவு வந்திருந்தது. ஒன்று புள்ளி ஒன்று. ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், இங்கே ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி; மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். நாங்கள் இருக்கும் டோட்முண்ட் நகரில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் நானே தொலைபேசி எடுத்துச் சொல்லி, மகளை அன்றைக்கே டொக்டர் ஆக்கியும் விட்டேன்.

அவளோ, பேர்லினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில், தத்துவம், இலக்கியம், அரசியல் எல்லாம் சேர்ந்த லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தெரியாமலே விண்ணப்பித்து இடமும் கிடைத்திருந்தது. ஒரு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"ஆர்ட்ஸோ? இவ்வளவு புள்ளி எடுத்துப்போட்டு ஆர்ட்ஸோ?" என்று நான் கத்தியது மேல்வீட்டு ஜேர்மன்காரிக்கும் கேட்டிருக்கும். கணிதமும் விஞ்ஞானமும் ஓடாத பிள்ளைகள்தான் ஆர்ட்ஸுக்குப் போவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு இளக்காரம் இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், ஊரில் நானும் ஆர்ட்ஸ் வகுப்பில் இருந்தவள்தான். பல்கலைக்கழகம் போகுமுன் நாட்டில் யுத்தம் வந்து எல்லாம் குழம்பிவிட்டது. இங்கே யாராவது கேட்டால் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

"ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டுத் திட்டுங்கோ" என்றாள். கல்லூரியில் பெற்றோரும் வந்து பார்க்க ஒரு நாள் வைத்திருந்தார்கள். முடிவை என் தலையில் போட்டுவிட்டுக் கணவர் வேலைக்குப் போய்விட்டார். திட்டுவதற்காகவே நான் ரயில் ஏறினேன்.

ஒரு மாணவி எங்களைச் சுற்றிக் காட்டினாள். எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டுமாம். மாடிக்கு ஒரு குசினி. சுவரில், எந்தக் கிழமை யார் கூட்டித் துடைப்பது என்று ஒரு அட்டவணை. அகதியாக வந்த புதிதில் நாலு வருடம் விடுதியில் இப்படியொரு குசினியில்தான் சமைத்தேன். என் சட்டியை யார் எடுத்தது, அடுப்பை யார் துடைக்காமல் விட்டது என்று சண்டை பிடித்தே அந்தக் காலம் போனது. இங்கே எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும், அதுதான் இதன் அழகு என்று அந்தப் பிள்ளை சிரித்தாள். எனக்கு ஒரு அழகும் தெரியவில்லை.

பிறகு ஒரு மாதிரி வகுப்பு. ஒரே மேசையைச் சுற்றி மாணவர்களும் பெற்றோருமாகப் பதினைந்து பேர் இருந்தோம். அங்கே படிப்பு ஆங்கிலத்தில்; பெற்றோருக்காக அன்று ஜேர்மன் மொழியான டொச்சில் நடத்தினார்கள். விரிவுரையாளர் ஆளுக்கொரு தாள் தந்தார். ஒரே ஒரு பக்கம்தான். பிழையான சட்டத்துக்கு மனிதன் கீழ்ப்படிய வேண்டுமா என்பது விஷயம். மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். அது இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் இன்னொன்று சொன்னாள். அதற்கும் அதே கேள்வி. மூன்றாம் தரமும் கேட்டபோது அவள் முகம் சிவந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்தினேன். "நான் அப்படி ஒரு சட்டத்தை மீறியிருக்கிறேன்" என்றேன். அகதிகள் அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்றிருந்த காலத்தில், பக்கத்து மாவட்டத்தில் அக்காவுக்குப் பிரசவம். அனுமதி கேட்டேன், தரவில்லை. ரயில் ஏறிப் போய்விட்டேன். திரும்பும்போது பொலிஸில் பிடிபட்டு விசாரணைக்கும் போனேன். மகளுக்கு இது எதுவும் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் ஜேர்மன்காரர்கள் தலையைச் சரித்து அனுதாபப்படுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. "அந்தச் சட்டமே பிழை என்று நினைத்தீர்களா? அல்லது சட்டம் இருக்கட்டும், உங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டும்தான் என்றேன். இரண்டும் சேர்ந்து நிற்காதே என்றார். ஏன் நிற்காது என்று என் உடைந்த டொச்சில் பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பாவம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். என்னை ஒரு ஆளாக மதித்து வாதாடியவர் அவர்தான் முதல். வகுப்பு முடிந்தும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை.

திரும்பும் ரயிலில், "படிப்புச் சரி. அந்தக் குசினிதான் எனக்குப் பிடிக்கேல்லை. நாலு வருஷம் நான் பட்டது காணாதோ?" என்றேன்.

"உங்களை அந்த விடுதியில அவங்கள் கொண்டுபோய் விட்டவங்கள், அம்மா. நான் விரும்பிப் போறன்" என்றாள்.

அடுத்த நாள் லண்டனில் இருந்து என் அண்ணை தொலைபேசி எடுத்தார். "டொக்டரா வாற பிள்ளையை ஆர்ட்ஸ் படிக்க விடப்போறியோ? உனக்கென்ன விசரோ?"

"ஓம் அண்ணை, விடப்போறன். நானும் ஆர்ட்ஸ் படிச்சனான்தானே. என்ன குறைஞ்சுபோனன்?"

அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு மாதம் கதைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மகள் இப்போது மூன்றாம் வருடம் தொடங்கப் போகிறாள். படிப்பு கழுத்தை நெரிக்கிறது என்கிறாள், அடுத்த அறைக்காரியோடு சண்டை என்கிறாள், ஆனால் வீட்டுக்கு வரச் சொன்னால் நேரமில்லையாம். படிச்சு முடிச்சு என்னவா வருவாள் என்று கல்யாண வீடுகளில் இன்னமும் கேட்கிறார்கள். தெரியாது என்று சத்தமாகவே சொல்கிறேன். என் பிள்ளை கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அந்தக் கெட்டித்தனத்தை வைத்து அவள் எடுத்த முடிவை மட்டும் நம்பாமல் இருந்தேனே, அந்தப் பிழையை இனி யாருக்காகவும் செய்யமாட்டேன்.