காளானைத் தொட்ட கை

செக்கிங் டேபிளில் பூஞ்சைப் புள்ளி விழுந்த பனியனைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. அப்படிப்பட்டவளிடம் போய், எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த கவிதா ஒரு டிரேயை நீட்டினாள். கட்டிங் வேஸ்ட் துணியில் காளான் வளர்த்து, பனியனில் தைக்கத் தோல் மாதிரி லேபிள் செய்யப்போகிறார்களாம்.

"மெதுவாப் பிரிச்செடுங்க்கா."

டிரேயில் படர்ந்திருந்த காளான் படலம் வெளுத்து, ஈரமாக, ஊறிப்போன புண்தோல் போல விரலில் ஒட்டியது. "கருமம்!" என்று உதறிவிட்டு வெளியே ஓடினேன். குழாயடியில் சோப்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தும் நாற்றம் போகவில்லை.

பின்னாலேயே வந்த கவிதா முகத்தைச் சுளித்தாள். "ஏனுங்க்கா, அது வெறும் காளானுங்க. அதத் தொட்டதுக்கா இந்தத் தண்ணீல கையக் கழுவுறீங்க?"

குனிந்து பார்த்தேன். போர்வெல் தண்ணீர் வழக்கம்போல சாயப்பட்டறைக் கழிவு கலந்து இளஞ்சிவப்பாக, சாய வாடையோடு நுரைத்து ஓடியது. இந்த வீரபாண்டிக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதில்தான் கை கழுவுகிறேன், டிபன் பாக்ஸ் அலசுகிறேன். ஒரு நாளும் குமட்டியதில்லை.

அன்று குமட்டியது. கையை முகர்ந்தேன். காளான் வாடை எப்போதோ போயிருந்தது. மிச்சமிருந்த நாற்றத்தைத்தான் இத்தனை காலமும் சோற்றோடு பிசைந்து தின்றிருக்கிறேன்.